கால் போடும் கணக்கு

தேவராட்டத்துக்குப் பாட்டுக் கிடையாது. உறுமி உண்டு, காலில் சலங்கை உண்டு, கையில் ஒரு துணி உண்டு. தேனி, திண்டுக்கல் பக்கம் தொடங்கி விருதுநகர், தூத்துக்குடி வரை ராஜகம்பளத்தார் வாழும் ஊர்களில் ஆடப்படும் இந்த ஆட்டத்தில், முன்னால் நிற்பவர் அடவை மாற்றினால் வரிசை முழுவதும் மாற வேண்டும். இதோ மாறப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லப் பாட்டு வரி எதுவும் இல்லாததால், கண் முன்னவரின் காலிலும் காது உறுமியிலும் இருந்தாக வேண்டும். வரிசையின் கடைசியில் பொடியன் ஒருவன் ஒட்டிக்கொண்டிருப்பான். எத்தனை தட்டுக்கு ஒருமுறை காலை மாற்றுகிறாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். ஆனால் கால் தப்பாது.

அந்தப் பையன் தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊரான தேவாரத்தில் ஏதோ ஒரு பள்ளியில் படிக்கிறான், திங்கட்கிழமை வகுப்பில் மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தட்டுக்கு ஒருமுறை திரும்பத் தெரிந்தவனுக்கு 3, 6, 9, 12 ஏன் வரவில்லை? காலுக்குத் தெரிந்தது தானாகவே தலைக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஆடவிட்டாலே போதும் என்கிறார்கள். அப்படிப் போவதில்லை, போகவைக்க வேண்டும் என்பதுதான் இதுவரை கிடைத்திருக்கும் ஆராய்ச்சிகளைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது. எந்த அசைவு போகவைக்கிறது, எது வெறும் களியாட்டமாக நின்றுவிடுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில் உடம்பின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2005-ல் வெளியிட்டார்கள். எந்தத் தட்டுக்கும் அழுத்தம் கொடுக்காத ஒரு தாளத்தை இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். ஒரு பாதிக் குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும் மறு பாதியை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் கையில் பிடித்துக் குதிக்கவைத்தார்கள். பிறகு அதே தாளத்தை அழுத்தம் சேர்த்துப் போட்டபோது, இரண்டில் குதித்த குழந்தை இரண்டாகப் பிரித்த தாளத்தையும், மூன்றில் குதித்த குழந்தை மூன்றாகப் பிரித்ததையும் அதிக நேரம் கேட்டது. கண்ணைக் கட்டிக் குதிக்கவைத்தாலும் இதே முடிவு. பெரியவர் ஒருவர் குதிப்பதைக் குழந்தை உட்கார்ந்து பார்த்தபோது மட்டும் அந்த விளைவு வரவில்லை. எல்லாக் குழந்தைகளின் காதிலும் விழுந்தது ஒரே ஒலிதான். அதை இரண்டாகக் கேட்பதா மூன்றாகக் கேட்பதா என்று தீர்மானித்தது உடம்பு.

பார்த்தது போதவில்லை என்ற செய்தியைப் பள்ளிக்கூடங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நம் பள்ளிகளில் ஆட்டம் என்றால் ஆண்டு விழா. நன்றாக ஆடும் எட்டுப் பேர் மேடையில், மற்றவர்கள் கீழே. 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, நாட்டுப்புற ஆட்டங்களுக்குப் பள்ளிக்குள் ஒரு மதிப்பைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போகும் போட்டி. ஏற ஏற ஆடுகிறவர் குறைந்து பார்க்கிறவர் கூடுகிறார்கள். 2005-லேயே லண்டனில் பீட்ரிஸ் கால்வோ-மெரினோவும் சகாக்களும் பாலே ஆடுகிறவர்களையும் பிரேசிலின் கபோய்ரா ஆடுகிறவர்களையும் மூளைப் படக் கருவிக்குள் படுக்கவைத்து, இரண்டு ஆட்டத்தின் காட்சிகளையும் காட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தாம் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. ஆடிப் பழகியவர் பார்ப்பதும் பழகாதவர் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆகவே இங்கே பேச்சு மேடையைப் பற்றியதல்ல. பெஞ்சும் கரும்பலகையும் உள்ள சாதாரண வகுப்பில், சாதாரண பாடவேளையில், எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நிற்பதைப் பற்றியது.

ஒரு பாடத்தை முழுதாக எடுத்துப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு வருகிறது. வகுப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தார் ‘தகிட’ என்று மூன்றாக எண்ண வேண்டும், வலப்பக்கத்தார் ‘தகதிமி’ என்று நான்காக. வேகம் எல்லோருக்கும் ஒன்றே. யாராவது மேசையைச் சீராகத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். தன் சொல்லின் முதல் எழுத்து வரும்போது மட்டும் காலைத் தரையில் ஓங்கி வைக்க வேண்டும். முதல் தட்டில் இரு குழுவும் சேர்ந்து மிதிப்பதால் தரை அதிரும். பிறகு சிதறிவிடும். 4-ல் இவர்கள், 5-ல் அவர்கள், 7-ல் இவர்கள், 9-ல் அவர்கள், 10-ல் இவர்கள். 13-ஆம் தட்டில் மறுபடியும் எல்லாக் கால்களும் சேர்ந்து இறங்கும். அந்த அதிர்ச்சியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வகுப்பே சிரிக்கும்.

விடை எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் 13 என்பார்கள். உடனே திருத்திவிடக் கூடாது. எத்தனையாவது தட்டில் சேர்ந்தோம் என்பதும் எத்தனை தட்டு கடந்து சேர்ந்தோம் என்பதும் வேறு வேறு கேள்விகள். வரிசையாக நட்ட பத்துத் தென்னைக்கு நடுவே ஒன்பது இடைவெளிதான் என்று தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும், தாளில் எழுதும்போது மறந்துவிடும். முதல் மிதியைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணிப் பாருங்கள் என்றால் 12 கிடைக்கும். அடுத்து நான்கையும் ஆறையும் எடுக்கலாம். பெருக்கினால் 24 வருமே என்று கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை முன்கூட்டியே சொல்லும். கால்கள் 12-லேயே சேர்ந்துவிடும். ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கலாம். நான்குக்கும் ஆறுக்கும் பொதுவாக இரண்டு இருப்பதை வகுப்பு தானே கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், சத்தமும் அதிகமாக இருக்கும். பிறகு ஐந்தையும் நான்கையும் ஆடிப் பார்த்தால் 20 வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும். பொதுக் காரணி இல்லாத எண்கள் எவ்வளவு பிடிவாதமானவை என்பது முழங்காலில் தெரியும்.

இந்தப் பாடத்தில் அசைவுதான் கணக்கு. அசைவை எடுத்துவிட்டால் பாடம் இல்லை. இதற்கு மாறாக, ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் மீச்சிறு பொது மடங்கின் வரையறையைப் போட்டு, இடுப்பில் கைவைத்து ஆடவிட்டால் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், வரையறையும் மனப்பாடமாகும். ஆனால் அந்த ஆட்டத்துக்குள் மடங்கு எங்கேயும் இல்லை. பாடத்தின் பொருளை அசைவே சுமக்கிறதா, அல்லது பாடத்தின் மேல் அசைவு பூசப்பட்டிருக்கிறதா? ஆடிக் கற்கும் பாடம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஜெர்மனியின் டூபிங்கனில் 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்கு நேரடியாகப் பொருந்தும். பள்ளியில் இன்னும் சேராத குழந்தைகளை, காலால் மிதித்தால் கணினிக்குத் தகவல் போகும் நடன விரிப்பில் நிறுத்தினார்கள். திரையில் ஓர் எண்கோடு, அதில் ஓர் எண். இன்னொரு எண் அதைவிடச் சிறியதா பெரியதா என்று பார்த்து, சிறியதென்றால் இடப்பக்கமும் பெரியதென்றால் வலப்பக்கமும் அடியெடுத்து வைக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக அதே குழந்தைகள் கைக் கணினித் திரையில் தொட்டு விடை சொல்லும் பயிற்சியும் செய்தார்கள். எண்கோட்டில் ஓர் எண்ணை அதற்குரிய இடத்தில் குறிக்கும் திறன், விரிப்பில் பழகியபின் கூடுதலாக முன்னேறியிருந்தது. எண்கோட்டின் திசையும் காலின் திசையும் ஒன்றாக இருந்ததே இதன் சூட்சுமம். தேவாரத்தில் இதற்கு விரிப்பு வேண்டாம், சுண்ணாம்புக் கோடு போதும். குறை எண் கற்கும் வகுப்பில் பூஜ்யத்தில் நின்று பின்னால் நடப்பதை, பாண்டி ஆடிப் பழகிய பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

முழு உடம்பும் தேவை என்றுகூட இல்லை. சிகாகோவில் சூசன் கோல்டின்-மெடோவின் குழு மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 3 + 2 + 8 = ? + 8 போன்ற கணக்குகளைக் கொடுத்தது. பெரும்பாலான குழந்தைகள் சமக்குறியை ‘இனி விடை எழுது’ என்ற கட்டளையாகவே படிப்பதால் 13 என்று எழுதுவார்கள். ஒரு குழுவுக்கு, முதல் இரண்டு எண்களுக்குக் கீழே இரண்டு விரல்களை விரித்துக் காட்டிவிட்டு, பிறகு காலியிடத்தைச் சுட்டும் சைகையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இரண்டையும் கூட்டு என்று வாயால் யாரும் சொல்லவில்லை. 2009-ல் வெளியான அந்த ஆய்வில், சரியான சைகை செய்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். சில பிள்ளைகள் ‘இந்த ரெண்டையும் சேர்க்கணும்’ என்பதைத் தங்கள் விரல்களிடமிருந்தே தெரிந்துகொண்டு பிறகு வாயால் சொன்னார்கள். முந்தைய ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சைகையோடு கற்றது நான்கு வாரம் கழித்தும் நிலைத்திருந்தது.

இனி எதிர்ச் சாட்சிகள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் சரக்கு விற்பவன் ஆகிவிடுவேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 17 தொடக்கப் பள்ளிகளில் மூன்று ஆண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. வாரம் 100 நிமிடம் அசைவோடு பாடம் நடத்துவது அதன் இலக்கு. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 499 பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டு நடந்து 2016-ல் வெளிவந்த சோதனையோ வேறு கதை சொன்னது. வாரத்தில் மூன்று நாள், இருபது முப்பது நிமிடம், கணக்கையும் மொழியையும் குதித்துக் குதித்துக் கற்ற பிள்ளைகள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் முந்தினார்கள். வாசிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. என் வாதத்துக்குச் சங்கடமான விஷயம், அந்தக் குதிப்பில் பெரிய பொருள் எதுவும் இல்லை என்பது. இரண்டை நான்கால் பெருக்கச் சொன்னால் எட்டு முறை குதிப்பார்கள், அவ்வளவுதான். விடாமல் திரும்பத் திரும்பச் செய்த பயிற்சியும், உடம்பு சூடேறியதால் வந்த கவனமும் சேர்ந்து அந்தப் பலனைத் தந்திருக்கலாம். இருபது நிமிடம் வேகமாக நடந்தபின் குழந்தைகளின் கவனம் மேம்படுகிறது என்று சார்லஸ் ஹில்மன் இல்லினாயில் 2009-லேயே காட்டியிருக்கிறார். ஆகவே பொருளற்ற அசைவுக்கும் பயன் உண்டு. அது கவனத்துக்கான பயன். கருத்து புரிவதற்கான பயனை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கான்சாஸ் முடிவிலும் ஓர் ஆறுதல் இருக்கிறது. அத்தனை மணிநேரம் ஆடியும் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கவில்லை. ‘ஆடிக்கிட்டிருந்தா போர்ஷன் எப்ப முடிக்கிறது’ என்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.

கூடவே வரும் போலிகளையும் கழித்துவிட வேண்டும். கலிபோர்னியாவில் பால் டென்னிசனும் கெயில் டென்னிசனும் 1980-களில் பரப்பிய ‘பிரெய்ன் ஜிம்’ நம் ஊர்ப் பயிற்சி முகாம்கள் வரை வந்திருக்கிறது. காறை எலும்புக்குக் கீழே அழுத்தினால் மூளைக்கு ரத்தம் கூடும், வலக்கை இடமுழங்காலைத் தொட்டால் மூளையின் இரு பாதியும் இணையும் என்பவை அதன் வாக்குகள். இரண்டுக்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மூளையின் இரு பாதிகள் ஏற்கெனவே கோடிக்கணக்கான நரம்பிழைகளால் இணைந்துதான் இருக்கின்றன. நம் தோப்புக்கரணமே ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ ஆகத் திரும்பி வந்திருக்கிறது. தொடைக்கு நல்ல பயிற்சி, செய்யட்டும். காதுமடலைப் பிடித்தால் அறிவு திறக்கும் என்பதைப் பிள்ளையாரிடமே விட்டுவிடலாம். ‘இவன் உடம்பால் கற்பவன், அவள் காதால் கற்பவள்’ என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கமும் அப்படித்தான். ஹரோல்ட் பாஷ்லரும் மூவரும் 2008-ல் அந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குச் சரியான சான்று இல்லை என்றார்கள். மீச்சிறு பொது மடங்கைக் காலால் உணர்வது எல்லாப் பிள்ளைக்கும் உதவும். வாசிப்பு எல்லோருக்கும் கண்ணால்தான்.

அசைவுப் பாடம் சின்ன வகுப்போடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு கயிறுகளைக் காட்ட வேண்டும். ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணிதமேதை கண்டுபிடித்த ஆட்டம் இது. சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு பேர், இரண்டு கயிறுகளின் நான்கு முனைகளைப் பிடித்து நிற்பார்கள். கயிறுகள் இணையாக இருக்கும் நிலைக்குப் பூஜ்யம் என்று பெயர். அடவுகள் இரண்டுதான். ‘முறுக்கு’ என்றால் ஒரு பக்கத்து இருவர் குறிப்பிட்ட முறையில் இடம் மாறிக்கொள்ள வேண்டும், எண்ணோடு 1 கூடும். ‘சுற்று’ என்றால் நால்வரும் ஒரு மூலை நகர வேண்டும், எண்ணைத் தலைகீழாக்கிக் குறியை மாற்ற வேண்டும். இரண்டு முறை முறுக்கினால் 2. சுற்றினால் −1/2. ஒருமுறை முறுக்கினால் 1/2. சுற்றினால் −2. இனி இரண்டு முறை முறுக்கினால் பூஜ்யம். மேலும் மேலும் முறுக்கியும் கயிறு சிக்கலெல்லாம் அவிழ்ந்து இணையாக நிற்கும். ஒன்பதாம் வகுப்பில் குறைப் பின்னத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவிக்கு, கையில் பிடித்த சிக்கலைப் பின்னத்தால் அவிழ்த்துக் காட்டுவதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நம்மிடம் இதற்கு மூத்த உறவு ஒன்று இருக்கிறது. பின்னல் கோலாட்டத்தில் மேலேயிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்தபடி பெண்கள் உள்ளும் புறமுமாகப் புகுந்து ஆட, கயிறுகள் சடையாகப் பின்னிக்கொண்டே வரும். பிறகு போட்ட அடவைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி ஆடி அவிழ்ப்பார்கள். வரிசை ஒன்று தவறினாலும் முடிச்சுத்தான். கடைசியாகச் செய்ததை முதலில் கழிக்க வேண்டும் என்ற இந்த விதியைத்தான், இயற்கணிதச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது ஆசிரியர் கரும்பலகையில் படாதபாடுபட்டு விளக்குகிறார்.

இத்தனைக்கும் அசைவோடு கற்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பழகினார்கள். சென்னையில் எழும்பூர் அனாதை ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த மணல் எழுத்தைப் பார்த்து வியந்து தன் பள்ளியிலும் கையாண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘மதராஸ் முறை’ என்று பரவியதில் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பதும் மணலும் இருந்தன. கையின் அசைவை அறிவின் வாசலாகக் கண்ட மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு வந்தார். இரண்டாம் உலகப்போரின்போது கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கும்மியையும் கலைப்பயணத்தையும் வைத்தே பெரியவர்களை எழுத்தின் பக்கம் இழுத்தது. ரிஷிவேலியின் கிராமப் பள்ளி அனுபவத்திலிருந்து பிறந்த செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் போனது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடலும் ஆடலும் பொம்மலாட்டமும் முதல் மூன்று வகுப்புகளின் அன்றாடமாயின.

தொடக்க வகுப்புகளைத் தாண்டினால் என்ன ஆகிறது? பிள்ளைகளை உட்காரவைத்துவிடுகிறோம். ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்காக 2012-ல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் ₹5,000. ஒரு கலை வகுப்புக்கு நாம் போட்ட விலை அது. உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது பற்றி ஒவ்வொரு தமிழருக்கும் ஒரு கதை தெரியும், திருப்பிக் கொடுத்த கதைதான் இல்லை.

தேவாரம் இருக்கும் இந்த மலையடிவாரத்தில் வேறு சில நடைமுறைகளும் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மேலே போகும் பெற்றோர் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையைக் காலை முதல் பாடவேளையில் குதிக்கச் சொல்வது கொடுமை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அசைவுப் பாடத்துக்கும் சேர்த்து வழி செய்திருக்கிறது என்பது திட்டம் வகுத்தவர்களுக்கே தோன்றியிருக்காது. வகுப்பில் இடமில்லை என்பது அடுத்த புகார். மேலே சொன்ன மிதிப் பாடத்துக்கு நின்ற இடமே போதும். சேலை கட்டிய டீச்சர் எப்படிக் குதிப்பார் என்பார்கள். அவர் குதிக்க வேண்டாம், தாளத்தைப் பிடித்தால் போதும். ஆட்டத்தில் டீச்சரைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை வகுப்பில் இல்லாமலா போகும்?

இவையெல்லாம் சுலபம். சுலபமில்லாதது ஒன்று இருக்கிறது. நம் ஆட்டங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. தேவராட்டம் ஒரு சமூகத்தின் சடங்கிலிருந்து வந்தது. பறையை அடித்தவர்களைச் சாவு வீட்டோடு கட்டிப்போட்டு இழிவுபடுத்திய வரலாறு நம்முடையது. இன்று இரண்டையும் எல்லோரும் கற்கிறார்கள், கல்லூரி மேடைகளில் ஆடுகிறார்கள் என்றாலும், வகுப்பில் ‘உங்க வீட்டு ஆட்டத்தை ஆடிக் காட்டு’ என்று ஒரு பிள்ளையை ஆசிரியர் எழுப்பினால், அந்தப் பிள்ளையின் சாதியைத்தான் எழுப்புகிறார். கலைஞரைப் பள்ளிக்கு அழைத்து, அவரை ஆசிரியராக உட்காரவைத்து, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கற்பதுதான் சரியான வழி. பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் ஆடக் கூடாது என்று வீட்டில் சொல்வதும் உண்டு. ‘ஆட்டம்’ என்று சொல்லாமல் ‘கணக்குச் செயல்பாடு’ என்று சொல்லித் தப்பிக்கும் ஆசிரியர்களின் சாமர்த்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் ஈடு உண்டா? பிரேசிலின் மராஜோ தீவில் 264 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் குழு குழுவாக ஆடவைத்த சோதனை 2015-ல் வெளிவந்தது. சில குழுக்கள் ஒன்றுபோல் ஆடின, சில தனித்தனியாக. சில கடுமையாக ஆடின, சில உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தன. ஆடி முடித்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கி, எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். உடம்பு களைக்க ஆடியவர்களுக்கும் ஒத்து ஆடியவர்களுக்கும் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளையில் எண்டார்பின் சுரப்பதன் மறைமுக அளவாக இதை எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் குழுவோடு எவ்வளவு நெருக்கமாக உணர்கிறீர்கள் என்ற கேள்விக்கும் அதேபோல்தான் பதில் வந்தது. உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தாலும், ஒத்து அசைத்தால் நெருக்கம் கூடியது. ஒரே பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதே பேசப்படாத பிரச்சினையாக இருக்கும் ஊர்களில் இந்தத் தகவலின் எடை தனி. ஆட்டம் சாதியை அழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பு அரைமணி நேரம் ஒரே தாளத்தில் நிற்பதால் கெடுதல் எதுவும் இல்லை, கொஞ்சம் நன்மை உண்டு என்கிறேன்.

கடைசியாக, இந்த மலைக்கென்றே அமைந்த ஒரு பாடம். ஏலப் பூ விடியலில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். பொந்துகளில் அடுக்கடுக்காகக் கூடு கட்டும் இந்தியத் தேனீயும் பாறையிலும் உயரமான மரத்திலும் தொங்கும் மலைத்தேனீயும்தான் இங்கே பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ அதை மற்றவற்றுக்கு ஆடிச் சொல்கிறது. வயிற்றை உதறியபடி ஒரு நேர்கோட்டில் ஓடும், வலப்பக்கம் சுற்றித் திரும்பும், மறுபடி ஓடும், இடப்பக்கம் சுற்றித் திரும்பும். ஓட்டத்தின் கோணம் திசை, உதறலின் நேரம் தூரம். இதைப் படித்துக் காட்டிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பெற்றார். இருட்டுக் கூட்டுக்குள் சூரியன் தெரியாதாகையால், செங்குத்தான அடையில் மேல்நோக்கிய திசையையே சூரியன் என்று வைத்துக்கொள்கிறது தேனீ. சூரியனுக்கு வலப்பக்கம் 30 பாகையில் பூ இருந்தால், மேல்நோக்கிய கோட்டுக்கு வலப்பக்கம் 30 பாகையில் ஓடும்.

பிள்ளைகள் தரையில் ஆடுவதால் இதில் ஒரு சிக்கல் வருகிறது. தரையில் ‘மேல்’ எது? 1950-களில் ஃபான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் இலங்கைக்கு வந்து நம் பகுதித் தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்தார். சிறு கிளையில் கூடு கட்டும் கொம்புத் தேனீ, அடையின் தட்டையான உச்சியில், வெளிச்சத்தில், பூ இருக்கும் திசையையே நேராகக் காட்டி ஆடுவதைக் கண்டார். பாடத்தை இதிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் மைதானத்தில் கொம்புத் தேனீயாக நேரே ஆடட்டும். பிறகு அதே செய்தியைக் கரும்பலகையில் இந்தியத் தேனீயாக, சூரியனை மேலே வைத்து வரையட்டும். தேவாரத்துக்கு மலை மேற்கே. பள்ளிக்கூடத்தில் கூடு, மலையடிவாரத்தில் இலவந்தோப்பு என்று வைத்துக்கொண்டால், மார்ச் அல்லது செப்டம்பரின் மூன்றாவது வாரத்தில் காலை எட்டு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கு. தோப்பைச் சொல்லத் தேனீ அடையில் நேர் கீழே ஓட வேண்டும். மாலை நான்கு மணிக்கு அதே தோப்புக்கு நேர் மேலே. தோப்பு நகரவில்லையே, ஆட்டம் ஏன் தலைகீழானது என்று வகுப்பில் ஒரு சண்டை கிளம்பும். கோணம் என்பது ஒரு கோட்டின் குணமல்ல, இரண்டு கோடுகளுக்கு இடையிலான உறவு என்பதை அந்தச் சண்டையே கற்றுக்கொடுத்துவிடும்.

தூரத்துக்கு வரும்போது குழுக்கள் தங்களுக்குள் ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம். ஓர் உதறலுக்கு ஐந்து தப்படி என்று ஒரு குழு, பத்து என்று இன்னொன்று. தேனீ இனங்களுக்குள்ளும் இப்படித்தான். தென்னிந்தியாவின் மூன்று தேனீ இனங்களை ஒப்பிட்டு 2020-ல் வெளிவந்த ஆய்வில், குறைந்த தூரமே இரை தேடிப் பறக்கும் இந்தியத் தேனீ ஒரே தூரத்துக்கு அதிக நேரம் உதறுவதும், வெகுதூரம் போகும் மலைத்தேனீ குறைவாக உதறுவதும் தெரியவந்தது. ஐந்து தப்படிக் குழுவின் ஆட்டத்தைப் பத்துத் தப்படிக் குழு படித்தால் தோப்பைத் தாண்டி ஓடைக்குப் போய்விடும். சீனாவில் இந்தியத் தேனீயின் இனத்தையும் இத்தாலியத் தேனீயையும் ஒரே கூட்டில் வைத்துப் பார்த்த சோதனை 2008-ல் வந்தது. அளவு வேறாக இருந்தும், முன்னது பின்னதன் ஆட்டத்தைப் படித்துச் சரியான இடத்துக்குப் போகக் கற்றுக்கொண்டது.

பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். இரண்டாம் நாள் குழுக்களை மாற்றிவிட்டு, அளவைச் சொல்லாமல், சத்துணவுக் கூடம், கொடிக்கம்பம், அடிகுழாய் என்று தெரிந்த மூன்று இடங்களுக்கு மட்டும் ஆடிக் காட்டச் சொல்லலாம். உதறலையும் தப்படியையும் இரண்டு பத்திகளாக எழுதினால் ஓர் உதறலுக்கு எத்தனை தப்படி என்பது வந்துவிடும். ஏழாம் வகுப்புக் கணக்கில் நேர் விகிதம் என்று வருவது இதுதான். என்ன சத்தம் என்று பெரிய சார் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.